ராத்திரி மாத்திரையும் கள்ளுப் பானையும்

(நமது சங்கத்தின் ஹைதராபாத் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. வெளியூர் அங்கத்தினர்களும் படிக்க வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால், பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

 

கிளைச் செயலாளர் போன வாரம் போன் செய்து, "மனோ சாந்தி என்ற தலைப்பில் நீங்கள் பேச வேண்டும்" என்றார். உபந்யாசகரைக் கூப்பிட வேண்டிய இடத்தில் தவறிப்போய் ஒரு ரிடையரான பார்மகாலஜி வாத்தியாரைக் கூப்பிட்டுவிட்டீர்களே என்றேன். "உங்களுக்குத் தெரிந்த வழியில் சொல்லுங்கள். ஆனால் சாப்பாடு பன்னிரண்டரைக்கு" என்றார். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில், பன்னிரண்டரைக்குள் சொல்லப் பார்க்கிறேன்.

நம்மில் யாரும் காலடி வைத்திராத ஓர் இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த ஊரில் அதைக் கல்லு காம்பவுண்ட் என்பார்கள். நம் தமிழில் கள்ளுக்கடை. முகம் சுளிக்க வேண்டாம், காரணமாகத்தான் அங்கே அழைத்துப் போகிறேன்.

தெலங்கானாவில் பனை மரத்திலும் ஈச்ச மரத்திலும் கள் இறக்குவது தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் தொழில். நல்ல கள்ளில் சாராயச் சத்து குறைவு. ஆனால் குடிப்பவர்கள் பெருகினார்கள், மரங்கள் பெருகவில்லை. ஆகவே சில இடங்களில் கள்ளில் தண்ணீரை ஊற்றி, இனிப்புக்குச் சாக்கரின் போட்டு, போதைக்கு ஒரு வெள்ளைப் பொடியையும் கலக்க ஆரம்பித்தார்கள். ஒரு காலத்தில் குளோரல் ஹைட்ரேட், பிறகு டயஸிபாம், அதன் பின் அல்பிரஸோலம். இந்த மூன்றாவது பெயரைக் கேட்டதும் மூன்றாவது வரிசையில் இரண்டு மாமிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

2015-ல் இந்தக் கலப்படத்தை ஒடுக்க வேண்டும் என்று அதிகாரிகள் கிளம்பினார்கள். நல்ல காரியம்தான். கடைகளில் பொடி கலப்பது திடீரென்று நின்றது. அடுத்த சில நாட்களில் நிஜாமாபாத், மேதக், மஹபூப்நகர் பக்கமிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். கை கால் நடுக்கம், வலிப்பு, தூக்கமே இல்லாமை, சம்பந்தமில்லாத பேச்சு, இல்லாத மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவது. இங்கே எர்ரகட்டாவில் உள்ள மனநல மருத்துவமனைக்கும் அப்படிப்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சென்னையில் கீழ்ப்பாக்கம் என்று எந்த அர்த்தத்தில் சொல்வார்களோ, அதே அர்த்தத்தில் இங்கே எர்ரகட்டா என்பார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் விவசாயக் கூலிகள். தாங்கள் தினம் குடித்தது கள் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். பல வருஷங்களாக ஒரு மருந்தைச் சாப்பிட்டு வந்திருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அது நின்றபோது உடம்பு சொல்லித்தான் தெரிந்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. 2025 ஜூலையில் நமது கூகட்பல்லி பக்கத்திலேயே கலப்படக் கள் குடித்துப் பல பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அந்தக் கள்ளிலும் அல்பிரஸோலம் இருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்தது. அதே வருஷம் செப்டம்பரில் பழைய போயின்பல்லியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்திற்குள் இந்தப் பொடியைத் தயாரித்துக்கொண்டிருந்ததைப் போலீஸார் கண்டுபிடித்தார்கள். குழந்தைகள் படிக்கிற கட்டிடம். பேப்பரில் படித்துவிட்டு அன்று எனக்கே ராத்திரி தூக்கம் வரவில்லை.

இந்தப் பொடி மூளைக்குள் போய் அப்படி என்னதான் செய்கிறது? இதற்குப் பதில் சொல்ல காபா என்ற ஒரு வஸ்துவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முழுப்பெயர் காமா அமினோ பியூட்ரிக் அமிலம். பெயரை மறந்துவிடலாம், காபா போதும்.

மன்னார்குடியிலோ திருவாரூரிலோ தேர் பார்த்தவர்கள் இங்கே பல பேர் இருப்பீர்கள். தேரை இழுப்பவர்கள் நூற்றுக்கணக்கில் வடம் பிடிக்கிறார்கள். எல்லோர் கண்ணும் அவர்கள் மேல்தான். ஆனால் சக்கரத்தின் அருகில் குனிந்து ஓடிக்கொண்டே முட்டுக்கட்டை போடுகிறாரே ஒருவர், அவரைப் பார்த்திருக்கிறீர்களா? தேர் எங்கே நிற்க வேண்டும், எந்த மூலையில் திரும்ப வேண்டும் என்பது அவர் கையில்தான் இருக்கிறது. அவர் இல்லாவிட்டால் தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறிவிடும்.

நம் மூளையில் வடம் பிடிப்பவர் பெயர் குளூட்டமேட். நரம்பணுக்களைத் தூண்டி வேலை வாங்குவது அதன் காரியம். முட்டுக்கட்டை போடுபவர் காபா. மூளையின் மேற்பரப்பில் உள்ள நரம்பணுக்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்த முட்டுக்கட்டை உத்தியோகத்தில் இருப்பவை. காபா ஒரு நரம்பணுவின் மேல் வந்து உட்கார்ந்தால், அங்கே ஒரு சின்னக் கதவு திறக்கிறது. அதன் வழியே குளோரைடு உள்ளே போகிறது. அதாவது நம் சமையல் உப்பில் சோடியத்தோடு சேர்ந்திருக்கிற அதே குளோரைடு. அது உள்ளே போனதும் அந்த அணு கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காபா தயாராவதே குளூட்டமேட்டிலிருந்துதான். ஒரு என்ஸைம் குளூட்டமேட்டின் ஒரு நுனியை நறுக்கிவிட்டால் அது காபா. வடம் பிடித்தவனையே கூப்பிட்டு, கையில் கட்டையைக் கொடுத்துச் சக்கரத்தின் பக்கம் அனுப்புகிற மாதிரி! இந்த வேலைக்கு பி-6 வைட்டமின் கட்டாயம் வேண்டும். 1950-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் ஒரு டப்பா ஆகாரத்தைச் சாப்பிட்ட கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. தயாரிக்கும்போது சூடாக்கியதில் பி-6 அழிந்துபோயிருந்தது. அந்த வைட்டமினைக் கொடுத்தவுடன் வலிப்பு நின்றது. முட்டுக்கட்டை குறைந்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் குழந்தைகள் காட்டிவிட்டன.

காபா மூளையில் இருப்பதை யூஜின் ராபர்ட்ஸ் முதலான விஞ்ஞானிகள் 1950-ல் வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷமே உருளைக்கிழங்கில் அது கண்டுபிடிக்கப்பட்டிருந்தது! உடம்பிலும் பல இடங்களில் இருக்கிறது. இன்சுலின் சுரக்கும் கணைய அணுக்களில் ஏராளம், குடலின் நரம்புகளில் உண்டு. தண்டுவடத்தில் தசை முறுக்கைத் தளர்த்துவதும் அதன் வேலைகளில் ஒன்று. பக்கவாதத்துக்குப் பின் கை கால் விறைத்துப்போனால் டாக்டர் பாக்ளோஃபென் என்று எழுதுகிறாரே, அது காபா வேலை செய்கிற இன்னொரு வகைக் கதவைத் திறக்கும் மருந்து. இதையெல்லாம் விரித்தால் செயலாளர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

இப்போது அந்த வெள்ளைப் பொடிக்கு வருவோம். அல்பிரஸோலம், டயஸிபாம், குளோனஸிபாம், லோரஸிபாம் எல்லாம் ஒரே கோத்திரம், பென்ஸோடையஸிபைன். லியோ ஸ்டெர்ன்பாக் என்ற ரசாயன நிபுணர் கண்டுபிடித்த இந்த வம்சத்தின் முதல் மருந்து 1960-ல் கடைக்கு வந்தது. இவை காபாவின் இடத்தில் உட்காருவதில்லை. பக்கத்தில் ஒரு தனி இடத்தில் உட்கார்ந்து, காபா வரும்போது அந்தக் கதவு மேலும் அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன. ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரைக்கு வேறு கோத்திரம். ஆனால் அதுவும் தட்டுவது அதே கதவைத்தான்.

சில நாள் இந்த உதவி கிடைத்தால் நல்லதுதான். வலிப்புக்கும், தாங்க முடியாத பதற்றத்துக்கும், ஆபரேஷனுக்கு முன்பும் இவற்றைப் போல உபகாரம் செய்யும் மருந்து குறைவு. நான் இவற்றுக்கு விரோதி இல்லை. ஆனால் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தினமும் போட்டால் மூளை சும்மா இருக்காது. 'முட்டுக்கட்டைக்கு வெளியாள் ஒருவன் தினம் வருகிறானே' என்று தன் ஆட்களை ஓரமாக உட்கார வைத்துவிடும். கதவுகள் பழையபடி இசைந்து கொடுக்காது. வடம் பிடிப்பவர்களும் இன்னும் பலமாக இழுக்கப் பழகிவிடுவார்கள். இந்த நிலையில் வெளியாள் ஒரு நாள் திடீரென்று வராவிட்டால்? நிஜாமாபாதில் நடந்தது அதுதான்.

நம் வீடுகளில் நடப்பதும் அதுதான். மது வாசனையே தெரியாத குடும்பம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், நியாயமான பெருமைதான். ஆனால் எத்தனை வீடுகளில், சாமி படத்துக்குக் கீழே உள்ள மருந்து டப்பாவில், பத்து வருஷமாக அந்தச் சின்ன மாத்திரை இருக்கிறது? 0.25, 0.5 என்று போட்டிருக்கும். பிள்ளை அமெரிக்கா போனபோதோ, ஆத்துக்காரர் காலமானபோதோ, யாரோ ஒரு டாக்டர் பத்து நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தது. பத்து நாள் பத்து வருஷமாகிவிட்டது. அந்தக் கூலியாளின் பானையில் இருந்ததும் இந்த மாத்திரையில் இருப்பதும் ஒரே வஸ்து. போய் உட்காரும் இடமும் ஒன்றே.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன், இதை நான் மேடையில் சொன்னதில்லை. என் பெரியம்மா எண்பத்தொரு வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. சேர்க்கும்போது என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை என்று என் தம்பி ஒப்பித்தான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். மூன்றாம் நாள் ராத்திரி பெரியம்மாவுக்கு உடம்பெல்லாம் நடுக்கம், வியர்வை. கையிலிருந்த குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, முப்பது வருஷத்துக்கு முன் காலமான பெரியப்பாவை அழைத்து, "வாசல்ல நிக்கறேளே, உள்ள வாங்கோ" என்றார். வீட்டில் எல்லோரும் அழுதார்கள். "புத்தி பேதலிச்சுப் போச்சு, இனிமே இப்படித்தான்" என்று ஒரு உறவினர் முடிவே கட்டிவிட்டார்.

மறுநாள் அவருடைய சுருக்குப் பையில் விபூதிப் பொட்டலத்தோடு பாதி காலியான ஒரு மாத்திரை அட்டை கிடைத்தது. அல்பிரஸோலம் 0.5. பதினாலு வருஷமாக, தினம் ராத்திரி. "தூக்க மாத்திரை போடறேன்னு சொன்னா என்ன நினைச்சுப்பாளோ" என்று யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் ஓடினேன். அவர் அந்த மருந்தை மறுபடி ஆரம்பித்தார். இரண்டு நாளில் பெரியம்மா என்னைப் பார்த்து, "ஏண்டா, நீ காப்பி குடிச்சியோ?" என்று கேட்டார். பிறகு எட்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இந்த மருந்தைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். என் வீட்டுச் சுருக்குப் பையைப் பார்க்கவில்லை.

அவர் குளியலறையில் ஏன் விழுந்தார் என்பதையும் பிறகு யோசித்தேன். வயதானவர்களுக்கு இந்த மாத்திரை உடம்பை விட்டு வெளியேற அதிக நேரம் ஆகும். இளைஞர்களுக்குப் பதினோரு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்தால், முதியவர்களுக்குச் சுமார் பதினாறு மணி நேரம். ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் விடியற்காலை எழுந்து போகும்போதும் அது காலைத் தளர்த்திக்கொண்டிருக்கும். விழுவது, எலும்பு முறிவது, மறதி கூடுவது, குழம்பிப் போவது, இவற்றுக்காகவே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் இந்த வகை மருந்துகளை முதியவர்களுக்குக் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறது. நம் நாட்டிலும் 2014 மார்ச் முதல் அல்பிரஸோலம், டயஸிபாம், ஸோல்பிடெம் முதலியவை எச்-1 என்ற அட்டவணையில் உள்ளன. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், எத்தனை என்று கடைக்காரர் தனி ரிஜிஸ்டரில் பதிய வேண்டும். ஆனால் "மாமி, இன்னிக்கு மட்டும் ஒரு பாதி குடுங்கோ" என்று பக்கத்து ஃபிளாட்டில் வாங்கிக்கொள்வதற்கு எந்த ரிஜிஸ்டரும் கிடையாது.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. நான் பேசியதைக் கேட்டு, இன்றைக்கே அட்டையைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். அதைவிட அபாயம் வேறில்லை. நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இங்கிலாந்தில் நியூகாஸில் நகரில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியை, இந்த மருந்தை விட முடியாமல் தவித்தவர்களுக்காகவே 1982 முதல் 1994 வரை ஒரு கிளினிக் நடத்தினார். அவசரப்படாமல், ஆளுக்குத் தகுந்த வேகத்தில் குறைக்க வேண்டும் என்பது அவர் கண்ட முறை. 2025-ல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும், ஆரம்பத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை ஐந்து முதல் பத்து சதவிகிதம் வரை குறைத்துப் பார்க்கச் சொல்கிறது. இது டாக்டர் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை. நாமே பிளேடால் மாத்திரையை நறுக்குவது கூடாது. வலிப்பு நோய்க்காக குளோபஸாம், குளோனஸிபாம் சாப்பிடுபவர்களுக்கு என் பேச்சின் இந்தப் பகுதி பொருந்தவே பொருந்தாது. அவர்கள் ஒரு வேளைகூட விடக்கூடாது.

வயதான பின் இதெல்லாம் முடியுமா என்று நினைக்காதீர்கள். கனடாவில் அறுபத்தைந்து வயதைக் கடந்த, நெடுநாளாக இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு சிறு புத்தகத்தைத் தபாலில் அனுப்பிப் பார்த்தார்கள். ஏன் ஆபத்து, எப்படிப் படிப்படியாகக் குறைக்கலாம், அவ்வளவுதான் அதில் இருந்தது. ஆறு மாதத்தில் நூற்றுக்கு இருபத்தேழு பேர் நிறுத்திவிட்டார்கள். புத்தகம் கிடைக்காதவர்களில் நிறுத்தியவர்கள் ஐந்து பேர். 2014-ல் வெளிவந்த ஆய்வு இது. இந்த உரையை நமது பத்திரிகையில் போடச் செயலாளர் கேட்டதும் நான் ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

சரி, தூக்கத்துக்கு என்ன செய்வது? முதலில், எட்டரை மணிக்குப் படுத்து மூன்றரை மணிக்கு விழிப்பு வந்தால் அதற்கு வியாதி என்று பெயர் இல்லை. ஏழு மணி நேரம் தூங்கியாகிவிட்டது. நம் தாத்தாக்கள் பிரம்ம முகூர்த்தம் என்று சொல்லி எழுந்து ஸ்நானத்துக்குப் போனார்கள், நாம் டாக்டரிடம் போகிறோம். மத்தியானம் இரண்டு மணி நேரத் தூக்கத்தையும், சாயங்கால இரண்டாவது காப்பியையும் வைத்துக்கொண்டு ராத்திரித் தூக்கத்தைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

காபா மாத்திரை என்றே கடைகளில் விற்கிறார்களே என்று இளைஞர்கள் கேட்பீர்கள். வாயால் சாப்பிடும் காபா ரத்தத்திலிருந்து மூளைக்குள் சுலபமாகப் போவதில்லை, நடுவே ஒரு காவல் இருக்கிறது. முளைகட்டிய சிவப்பரிசியில் காபா கூடும் என்பது உண்மை. புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களில் சில காபாவை உண்டாக்கும் என்பதும் உண்மை. அதற்காக இட்லி மாவை மருந்தாக்க வேண்டாம். இட்லியை இட்லியாகவே சாப்பிடலாம்.

யோகாசனம் செய்தால் காபா அதிகரிக்கும் என்று மெயிலில் வருகிறது. பாஸ்டனில் 2007-ல் அப்படி ஓர் ஆராய்ச்சி நடந்தது மெய்தான். ஒரு மணி நேர யோகாசனத்துக்குப் பின் மூளையை ஸ்கேன் செய்து, காபா கூடியிருப்பதைக் கண்டார்கள். ஆனால் யோகாசனம் செய்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். நல்ல ஆரம்பம், அதற்கு மேல் சொல்ல மாட்டேன். பிராணாயாமம் செய்யுங்கள், மனம் அடங்குவது அனுபவத்தில் தெரியும். சந்தியாவந்தனத்துக்குக் காபா வந்து சாட்சி சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

வீட்டுக்குப் போனதும் ஒரு காகிதத்தில் நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தின் பெயரையும் எழுதுங்கள். ராத்திரி மாத்திரையையும் எழுதுங்கள், அது முக்கியம். ஒரு பிரதி மருந்து டப்பாவில், ஒரு பிரதி பிள்ளையிடமோ பெண்ணிடமோ. ஊரில் யாரும் இல்லையென்றால் பக்கத்து வீட்டில். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் முதலில் அந்தக் காகிதம் டாக்டர் கைக்குப் போக வேண்டும். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. எர்ரகட்டாவுக்கு வந்த அந்த ஜனங்களுக்குத் தாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாது. நமக்கு அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது.

(உரை முடிந்ததும் சபையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்: "நீங்க சொன்னதெல்லாம் சரி. நான் ஆறு வருஷமா அதைத்தான் போட்டுண்டிருக்கேன். இன்னிக்கு ராத்திரி போட்டுக்கணுமா, வேண்டாமா?"

"அவசியம் போட்டுக்கோங்கோ மாமா" என்றேன். "நாளைக்குக் கார்த்தால அட்டையோட டாக்டரைப் போய்ப் பாருங்கோ. தனியாப் போக வேண்டாம், மாமியையும் அழைச்சுண்டு போங்கோ."

"அவளுக்குத் தெரியாதே" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி, "எனக்கு எல்லாம் தெரியும்" என்றார்.)